ரோட்டாலா மக்ரான்ட்ரா ஏன் கரைகிறது, எப்படிப் பிழைக்க வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செடி நட்ட மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் ஒருமுறையாவது ஆசைப்பட்டு வாங்கும் நீர்ச்செடி ரோட்டாலா மக்ரான்ட்ரா. கருஞ்சிவப்பு இலை, இலையின் அடிப்பக்கம் இன்னும் அடர்ந்த ஊதா. முதல் வாரம் தொட்டியின் கண்ணே அதுதான். இரண்டாம் வாரம் அடியிலை கண்ணாடிபோல் ஆகும், மூன்றாம் வாரம் தண்டு மிதக்கும். அந்த மூன்று வாரங்களில் நடப்பது என்ன, எதைச் சரிசெய்தால் செடி நிற்கும் என்பதுதான் இந்தப் பக்கம். கீழே வரும் அளவுகள் எல்லாம் 100 லிட்டர் தண்ணீருக்கு; உங்கள் தொட்டிக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற ரோட்டாலாக்கள் எளிதாக வளர்கின்றன. இது மட்டும் ஏன் இத்தனை படுத்துகிறது?

ரோட்டாலா ரொட்டுண்டிஃபோலியாவின் ஒரு தண்டையும் மக்ரான்ட்ராவின் ஒரு தண்டையும் அருகருகே வைத்து விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். முன்னது நார்போல் எதிர்த்து நிற்கும். பின்னது கீரைத்தண்டுபோல் நசுங்கிவிடும். இலையும் அப்படித்தான்: அகலம் அதிகம், தடிமன் குறைவு. தண்டிலும் இலையிலும் சேமிப்பு அதிகம் இல்லாததால், நான்கு நாள் பட்டினியை மற்ற செடி தாங்கும், இது தாங்காது.

இயற்கையில் இது இந்தியாவின் தென்மேற்குப் பகுதிச் செடி. மழைநீர் தேங்கும், உப்பு குறைந்த, மென்மையான நீர்நிலைகளுக்குப் பழகியது. அதனால் கடினநீரில் இது திணறும். ஆனால் கடினநீரைவிடவும் இதைக் கொல்வது அடிக்கடி மாறும் நீர். இன்று கரியமில வாயு கூட, நாளை குறைவு; இந்த வாரம் ஆர்.ஓ. தண்ணீர், அடுத்த வாரம் குழாய்த் தண்ணீர் என்று போனால் எந்த உரமும் காப்பாற்றாது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்கே வரும்.

என் தொட்டிக்கு இது சரிவருமா? வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

சிலிண்டரில் இருந்து வரும் கரியமில வாயு வேண்டும். ஈஸ்டும் சர்க்கரையும் கலந்த பாட்டில் இதற்குப் போதாது, அதன் அளவு நாளுக்கு நாள் மாறும். கே.எச். (தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மை) 4 டிகிரிக்குள் இருந்தால் நல்லது, 0 முதல் 2 என்றால் இன்னும் நல்லது. தண்ணீரின் வெப்பம் 22 முதல் 26 டிகிரி செல்சியஸ். தொட்டி தொடங்கி இரண்டு மாதமாவது ஆகியிருக்க வேண்டும்: புதிய அக்வா சாயில் (தொட்டிக்கென்றே விற்கும் சத்துள்ள மண்) முதல் சில வாரங்களுக்கு அம்மோனியாவைக் கசியவிடும், அந்தக் காலத்தில் பாசியும் வரும், மக்ரான்ட்ராவின் மெல்லிய இலை இரண்டையும் தாங்காது.

இவற்றில் இரண்டு இல்லை என்றால் இப்போது வாங்காதீர்கள். அதுவரை ரொட்டுண்டிஃபோலியாவின் சிவப்பு வகை ஒன்றை நன்றாக வளர்த்துப் பாருங்கள். அது வாரம் முழுக்கச் சீராக வளர்ந்து, நுனி சிவந்து நின்றால் தொட்டி தயார். மக்ரான்ட்ராவிலேயே பச்சை வகையும் குறுகிய இலை வகையும் சற்றுப் பொறுமையானவை. அங்கிருந்து தொடங்குவதில் குறைவொன்றும் இல்லை.

நல்ல செடியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நிறத்தைப் பார்க்காதீர்கள், நுனியையும் கணுவையும் பாருங்கள். நுனி முழுதாக, சமச்சீராக இருக்க வேண்டும். கணுவுக்கு அருகில் தண்டு ஒளி ஊடுருவும்படி தெளிந்திருந்தால் உள்ளே அழுகல் தொடங்கிவிட்டது. ஈயப்பட்டையோ ரப்பர் பேண்டோ சுற்றிய கட்டு என்றால் அந்தப் பட்டை இருந்த இடத்துக்கு மேலே வெட்டிவிட்டுத்தான் நட வேண்டும். நசுங்கிய பகுதி பிழைக்காது. டிஷ்யூ கல்ச்சர் டப்பா (ஆய்வகத்தில் ஜெல்லில் வளர்த்த செடி) வாங்கினால் ஜெல்லை வெதுவெதுப்பான நீரில் முழுக்கக் கழுவுங்கள். அதில் சர்க்கரை இருக்கும், மிச்சம் இருந்தால் வேரைச் சுற்றி வெண்பூஞ்சை கட்டும்.

வாங்கி ஒரு வாரத்தில் இலைகள் கரைந்துவிட்டன. செடி செத்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. பண்ணைகளில் இதைத் தண்ணீருக்கு மேலே, ஈரக் காற்றில் வளர்க்கிறார்கள். அப்படி வளர்ந்த இலை வட்டமாக, சற்றுத் தடித்து, பச்சை கலந்து இருக்கும். காற்றில் இருந்து கரியமில வாயுவை எடுக்கப் பழகிய அந்த இலையால் தண்ணீருக்குள் அதிக நாள் வேலை செய்ய முடியாது. செடி அதைக் கைவிட்டு, தண்ணீருக்கு ஏற்ற மெல்லிய புது இலையை விடும். இதற்கு இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும்.

எனவே பழைய இலையின் கதியை வைத்து முடிவெடுக்காதீர்கள். நுனியில் புதிதாக வரும் ஜோடி முந்தைய ஜோடியைவிடச் சிறிதாக இருந்தாலும் தட்டையாக, விரிந்து, செம்மையேறி இருந்தால் செடி பிழைத்துக்கொண்டது. கரைந்த இலையை அன்றன்றே எடுத்துவிடுங்கள், அழுகும் இலை பாசிக்குத் தீனி.

தண்ணீருக்குள்ளேயே வளர்ந்த செடியை இன்னொருவர் தொட்டியில் இருந்து வாங்கியும் கரைகிறது என்றால் காரணம் வேறு. இரண்டு தொட்டிகளின் கே.எச். வேறுபாட்டையும் கரியமில வாயுவையும் முதலில் பாருங்கள்.

எப்படி நட வேண்டும்?

10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமுள்ள நுனித்துண்டுதான் சரியான நடவுத்துண்டு. கூர்மையான கத்தரிக்கோலால் ஒரே வெட்டு. நகத்தால் கிள்ளினால் தண்டு நசுங்கும், நசுங்கிய இடத்தில் அழுகல் தொடங்கி மண்ணுக்குள் ஏறும்.

அடியில் இரண்டு கணுக்களின் இலைகளை நீக்குங்கள், ஆனால் பறிக்காதீர்கள். இலையைப் பிடித்து இழுத்தால் தண்டின் தோலும் சேர்ந்து உரியும். இலையடியில் இரண்டு மில்லிமீட்டர் விட்டு வெட்டினால் தண்டில் காயம் இராது. அந்த மீதி மண்ணில் கொக்கிபோல் பிடித்துக்கொள்ளவும் உதவும். ட்வீசரால் தண்டின் அடிநுனியை மட்டும், தளர்வாகப் பிடித்து, சாய்வாக 3 முதல் 4 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்கி, ட்வீசரை மெல்ல ஆட்டி விரித்து வெளியே எடுங்கள். நேராக இழுத்தால் தண்டும் கூட வரும்.

தண்டுக்குத் தண்டு 2 முதல் 3 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். நெருக்கி நட்டால் ஒரு மாதம் அழகாக இருக்கும், பிறகு உள்ளே வெளிச்சம் போகாமல் அடித்தண்டு முழுக்க மொட்டையாகும்.

விளக்கு எவ்வளவு தேவை?

பார் மீட்டர் (செடிக்குப் பயன்படும் வெளிச்சத்தை அளக்கும் கருவி) கிடைத்தால் செடி நிற்கும் இடத்தில், மண்மட்டத்தில் 80 முதல் 120 வரை வைத்துக்கொள்ளுங்கள். நேரம் ஒரு நாளைக்கு 7 மணி, கட்டாயம் டைமரில். 12 மணி எரித்தால் செடி வேகமாக வளராது, பாசிதான் வளரும்.

விளக்கைக் கூட்டுவது என்றால் கரியமில வாயுவின் தேவையையும் உரத்தின் தேவையையும் சேர்த்தே கூட்டுகிறீர்கள். புதிதாக நட்ட இரண்டு வாரம் 60 சதவீத வெளிச்சம், பிறகு வாரத்துக்குப் பத்து பத்தாக ஏற்றினால் போதும்.

மாலையில் நுனியிலைகள் மேல்நோக்கி மடிந்து, கைகூப்பியதுபோல் குவிவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அன்றைக்குப் போதுமான வெளிச்சம் கிடைத்துவிட்ட செடி அப்படித்தான் மூடிக்கொள்ளும். விளக்கு எரிந்து மூன்றே மணி நேரத்தில் மூடிக்கொண்டால் மட்டும் வெளிச்சம் அதிகமா என்று யோசியுங்கள்.

கரியமில வாயு எவ்வளவு விட வேண்டும்? நிமிடத்துக்கு எத்தனை குமிழ்?

குமிழ்க் கணக்கைப் பிறர் தொட்டியில் இருந்து கடன் வாங்க முடியாது. குமிழின் அளவு, டிஃப்யூசரின் (வாயுவை நுண்குமிழாக்கும் கருவி) தரம், நீர்ப்பரப்பின் அசைவு எல்லாம் தொட்டிக்குத் தொட்டி வேறு. பி.எச். (தண்ணீரின் அமிலத்தன்மை அளவு) இறக்கத்தை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

செய்முறை இது. தொட்டித் தண்ணீரை ஒரு டம்ளரில் எடுத்து 24 மணி நேரம் திறந்து வையுங்கள். அதில் கரைந்திருந்த கூடுதல் வாயு வெளியேறிவிடும். அதன் பி.எச். 7.4 என்று வைத்துக்கொள்வோம். விளக்கு எரியும் நேரத்தில் தொட்டியின் பி.எச். 6.4 இருக்க வேண்டும். பி.எச். 1.0 இறங்கியது என்றால் கரைந்த வாயு 10 மடங்கு ஆகியிருக்கிறது என்று பொருள், கே.எச். எவ்வளவு என்பது இந்தக் கணக்கைப் பாதிக்காது. மாறாக, கே.எச். பி.எச். அட்டவணையை மட்டும் நம்பினால் தவறலாம்: கே.எச். 4, பி.எச். 6.6 என்றால் கரைந்த வாயு 30 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 30 பங்கு) என்று அது சொல்லும், ஆனால் மரத்துண்டில் இருந்து இறங்கும் அமிலமும் பாஸ்பேட்டும் அந்தக் கணக்கைக் குழப்பிவிடும்.

நேரம்தான் இங்கே பலர் கோட்டைவிடும் இடம். விளக்கு எரிவதற்கு ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம் முன்பே சொலினாய்டு (வாயுவைத் திறந்து மூடும் மின்வால்வு) திறந்துவிட வேண்டும். விளக்கும் வாயுவும் ஒரே நேரத்தில் தொடங்கினால், செடிக்குப் பசி அதிகமுள்ள முதல் இரண்டு மணி நேரம் வாயு இல்லாமல் போகிறது. விளக்கு எரியும்போது ஒருமுறை, நடுவில் ஒருமுறை, அணையும் முன் ஒருமுறை என்று பி.எச். பாருங்கள். மூன்றுக்கும் இடையே 0.2க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். டிராப் செக்கர் (நிறம் மாறி வாயு அளவைக் காட்டும் சிறு குடுவை) காட்டும் பச்சை ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முந்தைய நிலை. அதைப் பொதுவான சாட்சியாக மட்டும் வையுங்கள். உள்ளே ஊற்றுவது தொட்டித் தண்ணீர் அல்ல, கே.எச். 4 உள்ள கரைசல் என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஏற்றும்போது மெதுவாக: ஒரு சிறு திருகல், இரண்டு மூன்று நாள் பொறுத்திருங்கள், மீனைப் பாருங்கள். மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளந்து நின்றால் உடனே வாயுவை மூடி, காற்றுக்கல்லை ஓடவிடுங்கள். செடிக்காக மீனைப் பணயம் வைக்கக் கூடாது.

இன்னும் இரண்டு. செராமிக் டிஃப்யூசர் அடைத்துக்கொண்டால் குமிழ் எண்ணிக்கை மாறாமலேயே கரைவது குறையும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெளுப்புக் கரைசலில் ஊறவைத்து, நன்கு அலசி, குளோரின் நீக்கி கலந்த தண்ணீரிலும் ஊறவைத்த பிறகே திரும்ப மாட்டுங்கள். சிலிண்டரின் உயரழுத்த முள் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும், ஏனென்றால் உள்ளே திரவம் இருக்கும்வரை அழுத்தம் மாறாது. முள் இறங்கத் தொடங்கிவிட்டால் திரவம் தீர்ந்துவிட்டது. அன்றே மாற்றிவிடுங்கள்.

என் குழாய்த் தண்ணீர் கடினநீர். என்ன செய்வது?

கே.எச். 8, 10 என்று இருந்தால் ஆர்.ஓ. தண்ணீர்தான் வழி. ஆனால் வெறும் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றினால் கால்சியமும் மெக்னீசியமும் இல்லாமல் நுனி கருகும். 100 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீருக்கு ஜிப்சம் 8.6 கிராம், எப்சம் உப்பு 7 கிராம் சேருங்கள். இது கால்சியம் 20 பி.பி.எம்., மெக்னீசியம் 7 பி.பி.எம். தரும், ஜி.எச். (மொத்தக் கடினத்தன்மை) சுமார் 4.4 டிகிரி வரும். ஜிப்சம் சட்டென்று கரையாது. லிட்டருக்கு இரண்டு கிராம் அளவில் தனி வாளியில் கலக்கி, பால்போல் இருக்கும் அந்த நீரை அரைமணி நேரம் அவ்வப்போது கிளறி, பிறகு பெரிய கொள்கலத்தில் சேருங்கள்.

கே.எச். கொஞ்சம் வேண்டும் என்றால் பொட்டாசியம் பைகார்பனேட் 3.6 கிராம் 1 டிகிரி ஏற்றும். அக்வா சாயில் உள்ள தொட்டியில் அதையும் சேர்க்கத் தேவையில்லை. அந்த மண் கார்பனேட்டைத் தின்றுகொண்டே இருக்கும், நீங்கள் ஏற்ற ஏற்ற அது இறக்கும், செடிக்கு ஊசலாட்டம்தான் மிச்சம்.

பவளத்துண்டு, சுண்ணாம்புக்கல், கடற்சிப்பி போன்றவை தொட்டிக்குள் இருந்தால் இந்த வேலை எல்லாம் வீண். சந்தேகமான கல்லின் மேல் இரண்டு சொட்டு அமிலம் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் வெளியே எடுத்துவிடுங்கள்.

உரம் எந்த அளவு?

கீழே உள்ளது நடுத்தர அளவு. இங்கிருந்து தொடங்கி, செடி சொல்வதைக் கேட்டு மாற்றுங்கள்.

பேரூட்டக் கரைசல்: 500 மில்லி வெதுவெதுப்பான ஆர்.ஓ. தண்ணீரில் பொட்டாசியம் நைட்ரேட் 27 கிராம், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 5 கிராம், பொட்டாசியம் சல்பேட் 25 கிராம். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு 10 மில்லி. வார முடிவில் இது நைட்ரேட் சுமார் 10 பி.பி.எம்., பாஸ்பேட் 2 பி.பி.எம்., பொட்டாசியம் 13 முதல் 14 பி.பி.எம். சேர்த்திருக்கும்.

நுண்ணூட்டக் கரைசல்: இரும்பு 7 சதவீதம் உள்ள, பிற நுண்ணூட்டங்களும் கலந்த தூள் 3.5 கிராம், 500 மில்லி ஆர்.ஓ. தண்ணீரில். பேரூட்டம் போடாத மூன்று நாள்களில் 10 மில்லி. ஒரு வேளைக்கு 0.05 பி.பி.எம். இரும்பு. பாட்டிலை இருட்டில் வையுங்கள்.

இரண்டையும் ஒரே பாட்டிலில் கலக்கக் கூடாது. பாஸ்பேட்டும் இரும்பும் சேர்ந்து கரையாத படிவாக இறங்கிவிடும், இரண்டுமே செடிக்குக் கிடைக்காது. உங்கள் தொட்டியின் பி.எச். 6.5க்கு மேல் என்றால் ஈ.டி.டி.ஏ. இரும்பைவிட டி.டி.பி.ஏ. இரும்பு (இரண்டும் இரும்பைப் பிடித்து வைக்கும் சேர்மங்களின் பெயர்) அதிக நேரம் கரைந்த நிலையில் இருக்கும்.

ஏழாம் நாள் 50 சதவீதத் தண்ணீர் மாற்றம். மண் புதிது என்றால் நைட்ரேட்டைப் பாதியாக்குங்கள். ஒன்றரை ஆண்டான மண் என்றால் வேருக்கு அருகில் உர வில்லை வையுங்கள், ஆழமாக, மண்ணைக் கிளறாமல்.

நுனி சுருங்கி, இலை மிகச் சிறிதாகி, முறுக்கிக்கொண்டு வளர்ச்சி நின்றுவிட்டது. எந்தச் சத்துக் குறைபாடு?

மக்ரான்ட்ரா வளர்ப்பவர்களை அதிகம் வாட்டும் கேள்வி இதுதான். நேர்மையான பதில்: நுனியின் தோற்றத்தை மட்டும் வைத்து ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது. ஆனால் வரிசையாக நீக்கிக்கொண்டே வந்தால் கண்டுபிடிக்கலாம்.

முதலில் நாள்காட்டி. முடங்கிய நுனி இன்று காட்டுவது ஒரு வாரம் பத்து நாள் முன்பு நடந்ததை. அந்தச் சமயத்தில் எதை மாற்றினீர்கள்? தண்ணீர் மூலம், விளக்கின் சதவீதம், புது உரப்பாட்டில், ஃபில்டர் கழுவியது, பெரிய கத்தரிப்பு? பெரும்பாலான நேரம் பதில் இங்கேயே கிடைத்துவிடும். இதனால்தான் தொட்டிக்கு ஒரு சிறு குறிப்பேடு வைக்கச் சொல்கிறோம்.

அடுத்து மற்ற செடிகள். எல்லாத் தண்டுச் செடிகளின் நுனியும் சிறுத்திருந்தால் கரியமில வாயு அல்லது நீரோட்டம். மேலே சொன்ன மூன்று நேர பி.எச். அளவை எடுங்கள். மக்ரான்ட்ரா நிற்கும் மூலையில் இலைகள் அசைகின்றனவா பாருங்கள். அசையாத மூலைக்கு வாயு போய்ச் சேர்ந்திருக்காது.

மக்ரான்ட்ரா மட்டும் முடங்கி மற்றவை நன்றாக இருந்தால், மூன்று சந்தேகங்கள். ஒன்று, கே.எச். ஏற்ற இறக்கம். தண்ணீர் மாற்றிய மறுநாள் தொட்டியின் கே.எச்.ஐயும் ஆறாம் நாள் கே.எச்.ஐயும் அளந்து ஒப்பிடுங்கள். இரண்டு, கால்சியம்: புதிய இலை கொக்கிபோல் கீழே வளைந்து, ஓரம் கிழிந்ததுபோல் இருந்து, ஜி.எச். 3க்குக் கீழே என்றால் இதுதான். மூன்று, நுண்ணூட்டம் அதிகமாவது. இது பற்றி வளர்ப்பவர்களுக்குள் வாதம் உண்டு. ஆனாலும் மென்நீரில், தினமும் நுண்ணூட்டம் ஊற்றும் தொட்டியில், அளவைப் பாதியாக்கியதும் மக்ரான்ட்ரா நிமிர்ந்துவிடுவது பலமுறை பார்க்கப்பட்ட ஒன்று. செலவில்லாத சோதனை, செய்து பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், பிறகு 10 முதல் 14 நாள் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். நாலாம் நாளே இன்னொன்றை மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

இன்னொரு முக்கியமான விஷயம்: ஒருமுறை முடங்கிய நுனி பெரும்பாலும் மீளாது. அதையே பார்த்துக்கொண்டு, "சரியாகவில்லையே" என்று மாற்றிக்கொண்டே போகாதீர்கள். அதை வெட்டிவிட்டு, கீழ்க்கணுவில் இருந்து வரும் பக்கத்தளிரைப் பாருங்கள். அதன் மூன்றாவது ஜோடி இலை தட்டையாக விரிந்தால் நீங்கள் செய்த மாற்றம் சரி.

பழைய இலையில் ஓட்டை, மஞ்சள்: இவற்றை எப்படிப் படிப்பது?

செடியால் ஒரு இலையில் இருந்து எடுத்து இன்னொன்றுக்கு அனுப்பக்கூடிய சத்து குறைந்தால் பழைய இலை வாடும். அனுப்ப முடியாத சத்து குறைந்தால் புதிய இலை வாடும். பழைய இலை முழுக்க வெளிறி உதிர்ந்தால் நைட்ரஜன். ஊசித்துளைகள் விழுந்து சுற்றிலும் மஞ்சள் என்றால் பொட்டாசியம். நரம்பு பச்சையாக நின்று நடுவே வெளுத்தால், பழைய இலையில் மெக்னீசியம், புதிய இலையில் இரும்பு. கண்ணாடியில் கெட்டியான பச்சைப் புள்ளிப்பாசி படிந்துகொண்டே இருந்தால் பாஸ்பேட்டைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள்.

இரும்பு அதிகம் போட்டால் நன்றாகச் சிவக்குமா?

சிவக்காது. இரும்பு குறைந்த செடி வெளிறும் என்பது உண்மை. போதுமான இரும்பு உள்ள செடிக்கு மேலும் ஊற்றினால் நிறம் கூடாது, பாசியும் நுனிமுடக்கமும்தான் வரும். சிவப்பு நிறம் ஆந்தோசயனின் என்ற நிறமியில் இருந்து வருகிறது. அதை உண்டாக்கச் செடியைத் தூண்டுவது பலமான வெளிச்சமும், ஓரளவு குறைந்த நைட்ரேட்டும்.

நைட்ரேட்டைக் குறைத்துச் சிவப்பாக்கும் முறையை ரொட்டுண்டிஃபோலியாவில் துணிந்து செய்யலாம். மக்ரான்ட்ராவில் 5 பி.பி.எம்.க்குக் கீழே இறக்க வேண்டாம்; நிறம் ஒரு வாரம் ஜொலிக்கும், பிறகு அடியிலையெல்லாம் உதிரும். ஆரோக்கியமான மக்ரான்ட்ராவுக்கு எந்தத் தந்திரமும் இல்லாமலே சிவப்பு வரும். வராவிட்டால் விளக்கின் நிறத்தையும் பாருங்கள்: வெள்ளை டையோடு மட்டும் உள்ள விளக்கில் மங்கலாகத் தெரியும் அதே செடி, சிவப்பு டையோடும் உள்ள விளக்கில் எரிவதுபோல் தெரியும்.

எப்போது, எப்படிக் கத்தரிப்பது?

நுனி நீர்மட்டத்தை நெருங்க 5 சென்டிமீட்டர் இருக்கும்போது. மேற்பரப்பைத் தொட்டுப் படரவிட்டால் கீழே இருட்டாகி அடியிலை உதிரும்.

முதல்முறை, பாதி உயரத்தில், ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். கணுவுக்குக் கணு நடுவில் வெட்டினால் மீந்த தண்டுப்பகுதி அழுகும், அந்த அழுகல் கணுவுக்கும் இறங்கும். வெட்டிய அடித்தண்டில் இருந்து இரண்டு தளிர் வரும். இரண்டாம் மூன்றாம் கத்தரிப்புக்குப் பிறகு அடித்தண்டு சோர்ந்து, தளிர் மெலியும். அப்போது நுனிகளை வெட்டி வைத்து, அடித்தண்டைப் பிடுங்கிவிட்டு நுனிகளைத் திரும்ப நடுவதுதான் வழி.

ஆனால் முழுக் கூட்டத்தையும் ஒரே நாளில் பிடுங்கி நடாதீர்கள். பாதியை இந்த வாரம், மீதியை மூன்று வாரம் கழித்து. ஒரே நாளில் எல்லாம் செய்தால் சத்தை உறிஞ்சிக்கொண்டிருந்த செடிக்கூட்டம் திடீரென்று வேலையை நிறுத்துகிறது, பழைய மண்ணும் கிளறப்படுகிறது. பாசிக்கு அதுவே அழைப்பு.

வெயில் காலத்தில் மட்டும் வாடுகிறது. ஏன்?

28 டிகிரிக்கு மேலே போனால் செடியின் சுவாசம் கூடுகிறது, தண்ணீரில் வாயுக்கள் கரையும் அளவு குறைகிறது. சம்பாதிப்பதைவிடச் செலவு கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர்ப்பரப்பை நோக்கிச் சிறு மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். அதில் தண்ணீர் வேகமாக ஆவியாகும். ஆவியான அளவை வெறும் ஆர்.ஓ. தண்ணீரால் மட்டும் நிரப்புங்கள். உப்பு உள்ள தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் ஒரு மாதத்தில் கே.எச். எங்கேயோ போய் நிற்கும். விளக்கு நேரத்தையும் மாலை இரவுக்கு நகர்த்துங்கள், பகல் சூட்டோடு விளக்குச் சூடும் சேர வேண்டாம்.

இலை ஓரத்தில் கருந்தாடிப் பாசி. மருந்து ஊற்றலாமா?

மக்ரான்ட்ரா மேல் எந்த மருந்தையும் நேரடியாகப் பீய்ச்சாதீர்கள், பாசிக்கு முன்னால் இலை போய்விடும். பாசி பிடித்த இலையை வெட்டி எடுங்கள். கருந்தாடிப் பாசி பெரும்பாலும் ஏறி இறங்கும் கரியமில வாயுவையும் சேர்ந்துபோன கழிவையும் பின்தொடர்ந்து வருவது; டிஃப்யூசர், ஃபில்டர், டைமர் மூன்றையும் பாருங்கள். நூல்பாசி என்றால் பல்துலக்கும் பிரஷால் சுற்றி எடுங்கள், ஆனால் செடியில் இருந்து விலகி நிற்கும் நூலை மட்டும்.

எந்த மீன் வைக்கலாம்?

சிறிய டெட்ரா, ராஸ்போரா, ஓட்டோசின்க்ளஸ், இறால்கள் நல்லவை. தங்கமீன், சில்வர் டாலர் வேண்டவே வேண்டாம், ஒரே இரவில் மொட்டையடித்துவிடும். மண்ணைத் தோண்டும் சிக்லிட் வகைகளும் இந்த வேர்களுக்கு ஆகாது.

கிட்டத்தட்ட எல்லாம் அழுகிவிட்டது. ஒரே ஒரு நுனி மட்டும் மிச்சம். காப்பாற்ற முடியுமா?

முடியும். அழுகலுக்கு மேலே, தண்டு கெட்டியாகவும் வெட்டுமுகம் ஒளி ஊடுருவாமலும் இருக்கும் இடத்தில் வெட்டுங்கள். மூன்று நான்கு சென்டிமீட்டரே கிடைத்தாலும் போதும். அதை மண்ணில் நடாதீர்கள். நீர்ப்பரப்பில், ஃபில்டர் நீர் நேராக அடிக்காத ஓரமாக மிதக்கவிடுங்கள். அங்கே வெளிச்சமும் காற்றில் இருந்து வரும் கரியமில வாயுவும் தாராளம். புதைந்து அழுகும் பகுதியும் இல்லை. விளக்கு மிக நெருக்கம் என்றால் ஓரத்துக்கு நகர்த்துங்கள்.

ஒரு வாரம் பத்து நாளில் கணுக்களில் இருந்து வெள்ளை நூல்போல் வேர் இறங்கும். நுனி மேல்நோக்கி வளையத் தொடங்கும். துண்டு எட்டு சென்டிமீட்டர் ஆனதும், வேரோடு, மேலே சொன்னபடி நடுங்கள். நடுமுன் நுனியில் ஒரு சென்டிமீட்டர் வெட்டித் தனியாக மிதக்கவிட வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம், அவ்வளவு சிறியது தாக்குப்பிடிக்காது. நட்ட தண்டு பத்து சென்டிமீட்டர் ஏறிய பிறகு பாதியில் வெட்டி, மேல்பாதியைப் பக்கத்தில் நடுங்கள். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். ஏழெட்டுத் தண்டு சேரும்வரை வேறெதையும் அந்தத் தொட்டியில் மாற்றாதீர்கள்.